நிறுத்தத் தெரிந்த கை
முதுகெலும்பில் சிமெண்ட் செலுத்தப் பழகும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு மூத்தவரின் அறிவுரைகள்

குரும்பலூரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். சுற்றிலும் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். எழுபது வயதுவரை குனிந்து வெங்காயம் பிடுங்கித் தாள் அரிந்த அம்மாக்கள், ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகில் ஏதோ முறிந்ததுபோல் உணர்கிறார்கள். வாயுப் பிடிப்பு என்று தைலம் தேய்க்கிறார்கள், சுளுக்கு வழிக்கிறார்கள், மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். எதற்கும் கேட்காதபோதுதான் நம்மிடம் வருகிறார்கள். படம் எடுத்தால் பெரும்பாலும் டி12 அல்லது எல்1 எலும்பு நசுங்கியிருக்கும். எலும்புப்புரை நோய் பல ஆண்டுகளாக உள்ளே அரித்து வைத்திருந்த எலும்பு அது.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இப்போது இளம் மருத்துவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். நசுங்கிய எலும்புக்குள் ஊசி வழியாகச் சிமெண்ட் செலுத்தும் வெர்டிப்ரோபிளாஸ்டியைக் கற்றுக்கொள்ள உங்களுக்கு ஆசை இருக்கும். பிரான்சின் அமியான் நகரில் கலிபேர், டெராமோன் என்ற இருவர் 1984-ல் தொடங்கிய முறை அது. பார்க்க எளிது, தழும்பு கடுகளவு. ஆனால் செலுத்திய சிமெண்ட் எலும்பைத் தாண்டி வெளியே போனால், நரம்புக்கோ நுரையீரலுக்கோ போய்ச் சேரலாம். அதைக் குறைக்கும் வழிகளைத்தான் வரிசையாகச் சொல்கிறேன். கசிவைத் தடுப்பதில் பாதி வேலை சிமெண்ட் கலக்குவதற்கு முன்பே முடிந்துவிடும். மீதிப் பாதி, போதும் என்ற இடத்தில் கையை நிறுத்துவது.

1. யாருக்கு வேண்டாம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

இந்த முறிவுகளில் பெரும்பாலானவை வலி மருந்து, பெல்ட், கொஞ்ச நாள் ஓய்வு, பிறகு மெல்ல நடமாட்டம் என்று ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். 2009-ல் ஆஸ்திரேலியாவில் புக்பைண்டர் குழுவும் அமெரிக்காவில் கால்ம்ஸ் குழுவும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிமெண்ட் போட்டவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. 2016-ல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு, ஆறு வாரத்துக்குள்ளான முறிவும் கடும் வலியும் உள்ளவர்களை மட்டும் எடுத்துப் பலன் இருக்கிறது என்றது. 2018-ல் நெதர்லாந்து ஆய்வு மறுபடியும் இல்லை என்றது. இத்தனையையும் படித்துவிட்டு நான் கடைப்பிடிக்கும் விதி இதுதான்: முறிவு புதியதாக இருக்க வேண்டும், வலி, மருந்துக்கு அடங்காமல் ஆளைக் கட்டிலோடு கட்டிப்போட்டிருக்க வேண்டும், எம்.ஆர்.ஐ. அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். மூன்றும் கூடினால்தான் ஊசி. உடலில் கிருமித் தொற்று இருந்தாலோ, இரத்தம் உறையும் கோளாறு சரியாகாமல் இருந்தாலோ, ஊசிப் பேச்சையே எடுக்காதீர்கள்.

2. எந்த எலும்பு என்பதைக் கையாலும் எம்.ஆர்.ஐ.யாலும் உறுதிசெய்யுங்கள்.

வயதான அம்மாவின் எக்ஸ்ரேயில் மூன்று நான்கு எலும்புகள் நசுங்கித் தெரியும். அவற்றில் பழையவை எவை, புதியது எது என்று எக்ஸ்ரே சொல்லாது. எம்.ஆர்.ஐ.யில் ஸ்டிர் படத்தில் வெள்ளையாக ஒளிர்வதே புதிய முறிவு. அதே இடத்தில் விரலால் அழுத்தினால் அவர் முகம் சுளிக்க வேண்டும். படமும் விரலும் ஒத்துப்போகாவிட்டால் தள்ளிப்போடுங்கள். பழைய முறிவு ஆறி இறுகியிருக்கும். அதற்குள் சிமெண்ட் தள்ள அதிக அழுத்தம் வேண்டும், அந்த அழுத்தமே கசிவுக்கு வழி திறந்துவிடும்.

நம் ஊரில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நசுங்கிய எலும்பு எல்லாம் எலும்புப்புரை அல்ல. காசநோயாக இருக்கலாம், மைலோமாவாக இருக்கலாம், வேறெங்கோ இருக்கும் புற்றுநோயின் பரவலாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். சிமெண்ட் போடும் நாளிலும் அதே ஊசி வழியாக ஒரு துணுக்கு எலும்பை எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பும் பழக்கம் நல்லது.

3. சி.டி.யில் ஓட்டையைத் தேடுங்கள்.

சிமெண்ட் எந்த வழியாக வெளியேறும் என்பது முன்கூட்டியே ஓரளவு தெரியும். கொரியாவின் யோம் குழு 2003-ல் மூன்று வழிகளாகப் பிரித்தது. ஒன்று, எலும்பின் நடுவிலிருந்து பின்பக்கமாகத் தண்டுவடக் குழாய்க்குப் போகும் பேசிவெர்டிப்ரல் சிரை. இரண்டு, பக்கவாட்டில் ஓடும் செக்மென்டல் சிரை. அது பெரிய சிரைகள் வழியாக நுரையீரலுக்கு வழிகாட்டும். மூன்று, எலும்பின் மேலோட்டில் உள்ள விரிசல். மேல்தட்டு உடைந்திருந்தால் டிஸ்க்குக்குள்ளும், பின்சுவர் உடைந்திருந்தால் குழாய்க்குள்ளும் கசியும்.

முதல் இரண்டு வழிகளுக்கு மருந்து, சிமெண்டின் பதமும் ஊசி முனை நிற்கும் இடமும். மூன்றாவதற்கு மருந்து, விரிசல் எங்கே என்று முன்பே தெரிந்துகொண்டு அதற்கு எதிர்த் திசையில் ஊசியை வைப்பது. எலும்புக்குள் காற்றோ நீரோ நிறைந்த பிளவு தெரிந்தால், அது மேல்தட்டு வரை போகிறதா என்று பாருங்கள். அப்படிப் போனால் டிஸ்க்கில் கசிய வாய்ப்பு அதிகம்.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் முதலானோர் 2017-ல் எழுதிய கட்டுரையைப் படியுங்கள். எலும்புப்புரை முறிவு, இளைஞனுக்கு விபத்தில் ஏற்படும் முறிவிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று அதில் விளக்கியிருக்கிறார்கள். ஜெர்மானியர் வகுத்த ஓ.எஃப்.1 முதல் ஓ.எஃப்.5 வரையிலான பிரிவும் அதில் இருக்கிறது. பின்சுவர் பெரிதாக உடைந்த மூன்றாம் வகை, சட்டகமே குலைந்த நான்காம் வகை, பிளந்து பிரிந்த ஐந்தாம் வகை ஆகியவை தொடக்கக்காரர் கைக்கு உரியவை அல்ல. கால் பலவீனத்தோடு வருபவரும் அப்படியே. அவர்களை மூத்தவரிடம் அனுப்புங்கள்.

4. குப்புறப் படுக்க வைப்பதில் அவசரம் வேண்டாம்.

மார்புக்குக் கீழே ஒன்று, இடுப்பெலும்புக்குக் கீழே ஒன்று என மெத்தைகள் வைத்து, வயிறு தொங்கும்படி விடுங்கள். வயிறு அழுந்தினால் முதுகெலும்புச் சிரைகளில் இரத்தம் நிறையும். இப்படிப் படுத்தாலே நசுங்கிய எலும்பு கொஞ்சம் நிமிர்ந்துகொள்வதும் உண்டு.

முடிந்தவரை மரத்துப்போகும் ஊசியும் லேசான மயக்கமும் போதும். "ஐயா, வலது கால்ல சுரீர்னு இழுக்குது" என்று அந்த அம்மா சொல்லும் ஒரு வாக்கியம், எந்தத் திரையையும்விட முன்னதாக எச்சரிக்கும். சிமெண்ட் தொடங்கும் முன் அனஸ்தீசியா டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் இறங்கினால் முதலில் காண்பவர் அவர்தான்.

5. படம் தெளியாமல் கை போகக் கூடாது.

நேர்ப்படத்தில் எலும்பின் மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒற்றைக் கோடாகத் தெரிய வேண்டும். இரு பெடிக்கிளும் சமமாக, எலும்பின் பின்முள் (ஸ்பைனஸ் பிராசஸ்) நடுவில் இருக்க வேண்டும். பக்கப்படத்தில் பின்சுவர் ஒரே கோடாக வேண்டும். எலும்புப்புரை முற்றிய எலும்பு, திரையில் மங்கலாகத்தான் தெரியும். குடலில் காற்று நிறைந்திருந்தால் இன்னும் மோசம். சி-ஆர்ம் டெக்னீசியனோடு பேசி, கோணத்தைத் திருத்தி, தெளிவு வரும்வரை காத்திருங்கள். எவ்வளவு முயன்றும் பின்சுவர் தெரியவில்லையா? அன்றைக்கு அந்தக் கேஸ் இல்லை.

ஈய ஏப்ரன், கழுத்துக் காப்பு இரண்டும் போடாமல் யாரும் உள்ளே நிற்க வேண்டாம். படம் எடுக்கும் நொடியில் உங்கள் கை ஒளிக்கற்றைக்குள் இருக்கவும் வேண்டாம்.

6. ஊசி ஒரே முறை, சரியான வழியில்.

நேர்ப்படத்தில் இடது பெடிக்கிளில் பத்து மணி, வலதில் இரண்டு மணி இருக்கும் இடத்தில் ஊசியை ஊன்றுங்கள். உள்ளே போகப் போக ஒரு விதியை மீறாதீர்கள்: பக்கப்படத்தில் ஊசி முனை பின்சுவரைத் தாண்டும்வரை, நேர்ப்படத்தில் அது பெடிக்கிளின் உள்விளிம்பைத் தாண்டக் கூடாது. உள்விளிம்பு உடைந்தால், தண்டுவடக் குழாய்க்குச் சிமெண்ட் போக நீங்களே பாதை போட்டுக் கொடுத்ததாகும்.

முனை எலும்பின் முன் மூன்றில் ஒரு பாகத்துக்குப் போகட்டும். நடுவில் நின்றால் பேசிவெர்டிப்ரல் சிரைக்கு அருகில் நிற்கிறீர்கள். குத்தி எடுத்து மறுபடி குத்தும் ஒவ்வொரு துளையும் ஒரு கசிவு வாய். இடுப்புப் பகுதிக்கு 11 கேஜ் ஊசி பொருந்தும். மேல்முதுகில் பெடிக்கிள் ஒல்லி, அங்கே 13 கேஜ் ஊசி. ஒரு பக்க ஊசியின் முனை நடுக்கோட்டை எட்டிவிட்டால் மறுபக்கம் குத்த வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

7. சிமெண்டின் பதத்தைப் படியுங்கள்.

இது அரியலூர் ஆலைச் சிமெண்ட் இல்லை. அது சுண்ணாம்புக்கல்லில் பிறந்து தண்ணீரில் இறுகுவது. இது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற அக்ரிலிக் பிளாஸ்டிக். பொடியையும் ஒரு திரவத்தையும் சேர்த்தால் சூடாகி இறுகும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் சல்பேட் போன்றவற்றைக் கலந்திருப்பார்கள்.

சூடு கூடினால் சீக்கிரம் இறுகும் என்பதைப் பெரம்பலூரில் வேலை செய்பவர் ஒருநாளும் மறக்கக் கூடாது. கத்திரி வெயிலில் மின்சாரம் போய் ஏ.சி. நின்ற ஓ.டி.யில் கிடைக்கும் நேரமும், குளிர்ந்த ஓ.டி.யில் கிடைக்கும் நேரமும் ஒன்றல்ல. பெட்டியோடு வரும் வெப்பநிலை அட்டவணையைப் பாருங்கள். சிமெண்டை எந்தச் சூட்டில் வைத்திருந்தார்கள் என்று ஸ்டோரில் கேளுங்கள். நேரம் கிடைக்கட்டும் என்று திரவத்தைக் கூட்டாதீர்கள். விகிதம் கம்பெனி சொன்னபடியே இருக்கட்டும்.

தண்ணீராக இருக்கும்போது செலுத்தினால் நேரே சிரைக்குள் ஓடும். பற்பசைப் பதம் வரட்டும். கையுறையில் ஒட்டக் கூடாது, ஊசி நுனியிலிருந்து சொட்டாமல் தொங்கி நிற்க வேண்டும். கெட்டிப் பதத்திலேயே நெடுநேரம் நிற்கும் அதிகப் பாகுநிலைச் சிமெண்டுகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றில் கசிவு குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. செலவு தாங்குமானால் அவற்றையே தேர்ந்தெடுங்கள்.

8. சிறிய சிரிஞ்சு, சிறிய அளவு, அடிக்கடி படம்.

1 மி.லி. சிரிஞ்சிலோ, உள்ளே தள்ளும் கம்பியுள்ள ஃபில்லர் குழாயிலோ கொடுங்கள். எவ்வளவு போகிறது என்பது கைக்குத் தெரியும். முதல் அரை மில்லி லிட்டர்தான் மிக ஆபத்தானது. சிரை வாய் திறந்திருந்தால் அது அப்போதே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் பக்கப்படம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். பிறகு ஒவ்வொரு சிறு தள்ளுக்கும் ஒரு பக்கப்படம், இடையிடையே நேர்ப்படம். பக்கப்படத்தை மட்டும் பார்ப்பவர், பக்கவாட்டுச் சிரையில் போவதைக் காண மாட்டார்.

9. கசிவைக் கண்டால் நிறுத்துங்கள்.

'இன்னும் கொஞ்சம் தள்ளினால் அடைத்துக்கொள்ளும்' என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். கேட்காதீர்கள். கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் போலக் காத்திருங்கள். உள்ளே போன துளி உடல் சூட்டில் இறுகி அந்த வாயை அடைக்கும். பிறகு ஊசி முனையின் வாயைத் திருப்பியோ, முனையைச் சற்று நகர்த்தியோ ஒரு சிறு தள்ளு. மறுபடியும் அதே பக்கம் போனால் அந்த ஊசியின் வேலை முடிந்தது. தண்டுவடக் குழாய்ப் பக்கம் போவதாகச் சிறு சந்தேகம் வந்தாலும் இரண்டாவது முயற்சி கிடையாது.

10. எலும்பை நிரப்ப நாம் வரவில்லை.

நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான். வெள்ளையாக நிறைந்த படத்தைப் பார்க்க எல்லாருக்கும் ஆசை. கான்ஃபரன்ஸில் காட்டினால் கைதட்டுவார்கள். ஆனால் வலி குறைவதற்கு அந்த நிறைவு தேவையில்லை. 2001-ல் லீப்ஷ்னர் குழு கணினி மாதிரியில் கணக்கிட்டுப் பார்த்தபோது, எலும்பின் கன அளவில் சுமார் 15 விழுக்காடு, அதாவது சுமார் 3.5 மி.லி. சிமெண்ட் போட்டாலே எல்1 எலும்பின் பழைய விறைப்பு திரும்பியது. அதற்கு மேல் போனால் தேவைக்கு மீறி விறைத்து, அடுத்த எலும்புக்குத்தான் பாரம். பெல்காஃப் குழுவின் சோதனையில், எலும்பின் வலு திரும்ப 2 மி.லி. போதுமானதாக இருந்தது.

எனவே மேல்முதுகில் 2 மி.லி. அளவும் இடுப்பில் 3 முதல் 4 மி.லி. அளவும் மனத்தில் இருக்கட்டும். பக்கப்படத்தில் எலும்பின் பின் கால்பாகத்தைச் சிமெண்ட் எட்டிவிட்டால், அளவு எதுவானாலும் நிறுத்துங்கள். குறைந்துபோனதற்காக வருந்தும் நாள் அபூர்வம். கூடிப்போனதைத் திரும்ப எடுக்க எந்தச் சிரிஞ்சும் இல்லை.

11. பலூன் இருக்கிறது என்று அலட்சியம் வேண்டாம்.

1998-ல் தொடங்கிய கைஃபோபிளாஸ்டியில் பலூனை ஊதி உள்ளே குழி செய்து, அந்தக் குழியில் குறைந்த அழுத்தத்தில் கெட்டிச் சிமெண்டை விடுகிறோம். பொதுவாகக் கசிவு குறைவு. செலவு பல மடங்கு. மேல்தட்டு உடைந்த எலும்பில் முதலில் கொஞ்சம் கெட்டிச் சிமெண்ட் வைத்து, பலூனால் அதைச் சுவரோடு பரப்பி, இறுகிய பின் மீதியை நிரப்பும் இரண்டு கட்ட முறையும் உண்டு. ஆனால் தவறான இடத்தில் நிற்கும் ஊசியைப் பலூன் காப்பாற்றாது. எந்த முறையானாலும் ஒரே அமர்வில் மூன்று எலும்புக்கு மேல் போகாதீர்கள், நுரையீரல் தாங்காது.

12. ஊசியை உருவுவதிலும் பொறுமை வேண்டும்.

உள்கம்பியை மறுபடி செலுத்தி, குழாயில் நிற்கும் சிமெண்டை உள்ளே தள்ளுங்கள். அது எவ்வளவு என்பதையும் கணக்கில் சேருங்கள். சிமெண்ட் இறுகும்வரை காத்திருந்து, ஊசியைச் சுழற்றி எடுங்கள். அவசரமாக இழுத்தால் பெடிக்கிள் வழியே சதைக்குள் வால் நீளும். உட்காரும்போதும் படுக்கும்போதும் அது குத்திக்கொண்டே இருக்கும்.

13. முதுகைத் திறக்க ஆள் இல்லாத இடத்தில் இதைச் செய்யாதீர்கள்.

மேசையிலிருந்து இறக்கும் முன்பே கால் விரல்களை ஆட்டச் சொல்லுங்கள். அடுத்த இரண்டு மணி நேரம் மல்லாந்து படுக்கட்டும். அதற்குள் அடிக்கடி காலைப் பாருங்கள். புதிதாகக் கால்வலியோ மரமரப்போ பலவீனமோ வந்தால் உடனே சி.டி. தண்டுவடக் குழாய்க்குள் சிமெண்ட் அழுத்திக் கால் பலவீனமானால் மணிக்கணக்கில்தான் நேரம். திறந்து எடுத்தாக வேண்டும். திருச்சிக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்வதற்குள் அந்த நேரம் கரைந்துவிடும். மூச்சு வாங்கினால் நெஞ்சுக்கு சி.டி. எடுத்து, இதய நுரையீரல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. நெதர்லாந்தின் 2010 ஆய்வில் சி.டி. எடுத்துப் பார்த்தபோது, சிகிச்சை பெற்ற எலும்புகளில் 72 விழுக்காட்டில் ஏதோ ஒரு கசிவு இருந்தது. எல்லாம் தொந்தரவு தராதவை. அதே ஆய்வில் நெஞ்சு சி.டி. எடுத்த 54 பேரில் 14 பேருக்கு நுரையீரலில் சிமெண்ட் துணுக்கு தெரிந்தது. ஒருவருக்கும் அறிகுறி இல்லை. ஆகவே 'எனக்குக் கசிந்ததே இல்லை' என்று ஒருவர் சொன்னால், அவர் சி.டி. எடுத்துப் பார்த்ததில்லை என்று கொள்ளுங்கள். எக்ஸ்ரேயில் பல கசிவுகள் தெரியாது.

14. வீட்டாரிடம் முழுதும் சொல்லுங்கள்.

"முதுகுல சிமெண்ட் வைக்கிறாங்களாம்" என்று கேட்டதும் பாதிப் பேர் பயப்படுவார்கள், மீதிப் பேர் மறுநாளே வயலுக்குப் போகலாம் என்று நினைப்பார்கள். இருவருக்கும் உட்கார்ந்து விளக்குங்கள். வலி குறையலாம், முழுதும் போகாமலும் இருக்கலாம். கசிவு வரலாம், பெரும்பாலும் தொல்லை தராது, எப்போதாவது தரும். அப்போது பெரிய ஆபரேஷன் தேவைப்படும். இவ்வளவையும் அவர்கள் பேச்சிலேயே சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கசிவு இருந்தால் டிஸ்சார்ஜ் தாளில் எங்கே, எவ்வளவு என்று எழுதுங்கள். நாளைக்கு வேறொரு டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்துக் கட்டி என்று நினைத்துத் திகைக்கக் கூடாது.

15. மற்ற எலும்புகளுக்கும் மருந்து எழுதுங்கள்.

சிமெண்ட் ஓர் எலும்பைத்தான் தாங்கும். மீதி எலும்புகளும் அதே நோயில்தான் இருக்கின்றன. டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் என்றால் எலும்புப்புரை என்று 1994-ல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்தது. ஆனால் குடம் தூக்கியதற்கே எலும்பு நசுங்கியவருக்கு, ஸ்கேன் இல்லாமலேயே சிகிச்சை தொடங்கலாம். வைட்டமின் டி, கால்சியம், ஆண்டுக்கொரு முறை ஜோலெட்ரானிக் அமில ஊசி, தேவைப்பட்டால் தினசரி டெரிபாரடைட்: யாருக்கு எது என்று சிறுநீரகத்தையும் பல்லையும் பார்த்து முடிவு செய்யுங்கள். மூட்டு வலிக்கென்று ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறாரா என்று பையைத் திறந்து பாருங்கள். கீழே விழாமல் காக்க, கண்புரை இருக்கிறதா, இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

தம்பிகளே, தங்கைகளே, இத்தனையையும் முதல் கேஸிலேயே நினைவில் வைக்க முடியாது. மாதிரி எலும்பில் பழகுங்கள், மூத்தவர் கையைப் பாருங்கள், பிறகு மூத்தவர் பக்கத்தில் நிற்கும்போது செய்யுங்கள். ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு கேஸிலும் எவ்வளவு சிமெண்ட் போனது, எங்கே நிறுத்தினீர்கள், எந்த வழியில் கசிந்தது, மூன்று மாதம் கழித்து வலி எப்படி என்று எழுதி வாருங்கள். குறைவாகப் போட்டவர்களும் நன்றாக நடக்கிறார்கள் என்பதை அந்த நோட்டு உங்களுக்குக் காட்டும். அதன்பிறகு நிறுத்தும்படி யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.